சென்னை வரை வந்த படம்

என் அப்பா ஸ்ரீனிவாசராகவன் கடலில் இறந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. வாழ்நாளில் மீன் சாப்பிட்டதில்லை. சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, பெசன்ட் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்த மனிதர், கார்த்திகை மாதத்தில் மீன்பிடிப் படகில் ஏன் ஏறினார்? துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் மோடம், பிரவுசர் என்று போகும். வாசலில் நின்று விசாரிப்பவர்களிடம் அதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். சுருக்கெழுத்தில் மெய்யொலிக்கு ஒரு கோடு. உயிரொலிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தால் பேசுகிறவரைப் பிடிக்க முடியாது. பிறகு தட்டச்சு செய்யும்போது, விட்ட ஒலிகளை இடம் பார்த்து மனதால் நிரப்பிக்கொள்ள வேண்டும். அப்பா வாழ்நாளின் பாதியை இதில் கழித்தார். அவர் நிரப்பியது தப்பாகப் போனதாக யாரும் சொன்னதில்லை. கொலை வழக்குகளில் சாட்சி அழுதுகொண்டே பேசும்போது அப்பாவைத்தான் உட்கார வைப்பார்களாம். பாதி வார்த்தை விழுங்கப்பட்டிருந்தாலும் முழு வாக்கியம் வந்துவிடும்.

வீட்டிலும் அப்படித்தான். கடைக்குப் போனால் வேண்டியதை வழியிலேயே யோசித்து ஒரே வாக்கியத்தில் கேட்பார். தொலைபேசியில் ஹலோவுக்குப் பிறகு நேராக விஷயம். என் திருமணத்துக்கு வந்தவர்களை வரவேற்றபோதுகூட ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு சொல்தான் பேசினார். கோபக்காரர் இல்லை. வீணாவது எதுவும் அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவர் மகளான நான் தியாகராய நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் வலையமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். தொண்ணூற்றேழில் அலுவலகத்தில் பழைய கணினிகளைக் கழித்தபோது ஒன்றை வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். ஒரு மோடமும் இணைய இணைப்பும் சேர்ந்தன. தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் எல்லாம் வர வேண்டும். ஒரு பக்கம் வருவதற்குள் சந்தியாவந்தனத்தை முடித்துவிடலாம் என்பது அப்பாவின் கேலி.

மெதுவான இணைப்பை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகமாகப் பேசும் வழக்கறிஞரைச் சமாளிப்பதுபோல அதைச் சமாளித்தார். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று பார்த்தார். அடையாற்றில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து கணினிப் பத்திரிகைகளை எடுத்து வந்து படித்தார். முதல் வாரத்திலேயே, பிரவுசரில் படங்கள் தானாக வருவதை நிறுத்திவிட்டார். எழுத்து மட்டும் வரும். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அவசியமென்றால் அதன்மேல் சொடுக்குவார். எந்தத் தளத்துக்கும் முகப்பு வழியாகப் போக மாட்டார். உள்ளே இருக்கும் பக்கத்தின் நீண்ட முகவரியைச் சேமித்து வைத்து நேராக அங்கே போவார். ஒரு ஜன்னலில் ஒரு பக்கத்தைப் படிக்கும்போதே அடுத்த பக்கங்களை வேறு ஜன்னல்களில் வரவிட்டிருப்பார். எல்லாம் வந்து சேர்ந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சாவகாசமாகப் படிப்பார். அலுவலகங்கள் திறந்துவிட்டால் இணைப்பு இன்னும் மெதுவாகும் என்பதால் எல்லாம் விடியற்காலையில்.

அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தொலைபேசியைத் தொடக் கூடாது. மயிலாப்பூர் பெரியம்மா ஒருநாள் ஆட்டோ பிடித்து வந்து நின்றாள்.

"கார்த்தாலேர்ந்து எங்கேஜ்டு, எங்கேஜ்டு. யாராவது போய்ட்டேளோன்னு பயந்துண்டு ஓடி வரேன்" என்றாள்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் இல்லை. பாதிப் பக்கம் பாக்கி இருக்கு" என்றார்.

அன்று எல்லோரும் சிரித்தோம். பெரியம்மாதான் அதிகம் சிரித்தாள்.

அவர் விரும்பி வரவழைத்த படம் ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டு வானிலைத் தளம் ஒன்றில், செயற்கைக்கோள் எடுத்த மேகப் படத்தைத் தினமும் சில தடவை போடுவார்கள். கறுப்பு, வெள்ளை. நிலத்தின் எல்லைகளை மெல்லிய கோடாக வரைந்திருப்பார்கள். மேகம் வெள்ளை, கடல் கறுப்பு. மாடியிலிருந்து கடலைப் பார்க்கிற மனிதருக்கு, அதே கடலை வானத்திலிருந்து பார்ப்பது அதிசயமாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. வலைப் பக்கங்களில் படங்கள் இரண்டு விதமாக வரும். ஒரு விதத்தில் முழுப் படமும் முதலில் மங்கலாக வந்துவிட்டு, மெல்ல மெல்லத் தெளியும். இன்னொரு விதத்தில் மேல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும். அந்தத் தளத்தின் படம் இரண்டாவது விதம். முதலில் இமயமலை வரும். பிறகு தில்லி. வெகு நேரம் கழித்து ஒரிசாக் கரை. அதற்கும் பிறகு ஆந்திரா. அதன்பின் சென்னை. சென்னைக்குக் கீழே படத்தில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி இருக்கும். நாகப்பட்டினம், இலங்கை, அதற்குக் கிழக்கே திறந்த கடல் எல்லாம் அதில்தான்.

சென்னை வந்ததும் அப்பா ஸ்டாப் பொத்தானை அழுத்திவிடுவார். சமையலறையிலிருந்து பார்த்தால் திரை தெரியும். அம்மா தினமும் இதைப் பார்த்திருக்கிறாள். "நமக்கு வேண்டியது வந்துடுத்து" என்பாராம்.

மழைக்காலத்தில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகின்றன. படத்தில் அது சென்னைக்குக் கீழே இருக்கும் பகுதி. அப்பாவுக்கு இது தெரியும். பெரிய மேகம் என்றால் அதன் விளிம்பாவது சென்னையை ஒட்டித் தெரியும் என்று கணக்குப் போட்டார். தெரியவில்லையென்றால் கீழேயும் ஒன்றுமில்லை. விட்ட பகுதியை நிரப்பிக்கொண்டார். இரண்டு மழைக்காலங்கள் அது சரியாகவே இருந்தது.

படத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடப்பார். அவர் நடை முடிகிற இடம், மீனவர்களின் ஊரூர் ஒல்காட் குப்பம். அங்கேதான் கபாலி பழக்கமானான். நாற்பது வயது இருக்கும். சொந்தமாகச் சின்ன ஃபைபர் படகு. துணைக்கு மச்சான். கபாலியின் மனைவி பவுனு மீன் விற்கிறவள். தொண்ணூற்றேழு மழையின்போது, வலையைக் கடலில் விட்டுவிட்டு வராதே, நாளைக்கு மழை பிடிக்கும் என்று அப்பா கபாலியிடம் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, மேலேயிருந்து படம் எடுக்கிறார்கள் என்றார். கபாலி சிரித்தான். ஆனால் வலையை எடுத்து வந்துவிட்டான். மறுநாள் அடித்த காற்றில் மற்றவர்களின் வலைகள் போயின.

அதிலிருந்து அவருக்குக் கோர்ட்டு சாமி என்று பெயர். காலையில் அவர் வரும்வரை சில பேர் படகு விளிம்பில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மீன்காரப் பெண்களுக்கு அவர் ஒரு வேடிக்கை.

"வாங்கவும் மாட்ற, துன்னவும் மாட்ற, காத்தாலைக்கு இன்னாத்துக்கு சாமி இங்க வந்துட்ற?" என்று பவுனு கேட்பாள்.

"வாசனைக்கு" என்பார் அப்பா.

நான் ஒருமுறை அவருடன் போயிருக்கிறேன். ஐப்பசி மாதம், விடிகிற நேரம். நாலைந்து பேர் படகின்மேல் பீடி புகைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அருகில் போய் "ஒண்ணும் இல்லை" என்று மட்டும் சொன்னார். பீடிகள் மணலில் விழுந்தன. எழுந்து படகைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நீதிமன்றத்தில் எல்லோரும் பேசியதை எழுதியவர் அவர். அவர் பேசி யாரும் எழுந்ததில்லை. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கு ஏனோ உறுத்தியது.

வானொலி இல்லாமல் இல்லை. கபாலி வீட்டில் டிரான்சிஸ்டர் உண்டு. மழைக்காலம் முழுக்க அதில் தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்பார்கள், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். அதையெல்லாம் அப்படியே கேட்டால் குப்பத்தில் அடுப்பு எரியாது. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் அவர்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அதை அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் எங்கள் தெருவின் தொலைபேசிக் கம்பியில் தண்ணீர் இறங்கிவிடும். காதில் வைத்தால் வறுக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் மோடம் தடுமாறும், வந்ததையே திரும்பக் கேட்கும், இணைப்பை விட்டுவிடும். வெயில் காலத்தில் ஓரளவு சீக்கிரம் வந்த படம் மழைக்காலத்தில் ஊர்ந்து வரும். வானம் மோசமாக ஆக ஆக, படம் இன்னும் மெதுவாகும்.

தொண்ணூற்றொன்பது கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. ஒரு படகும் போகவில்லை. நாலாம் நாள் விடியுமுன் வானம் தெளிந்துவிட்டது. நட்சத்திரம் தெரிந்ததாக அம்மா சொல்கிறாள்.

அப்பா எழுந்து இணைப்புக்கு முயன்றார். கிடைத்தது. படம் தில்லிவரை வந்தபோது அறுந்தது. மறுபடி முயன்றார். ஒரிசாவில் அறுந்தது. அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. ஒவ்வொரு முறையும் இமயமலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது முறை ஆந்திரா தாண்டியது. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாராம். சென்னை வந்தது. பக்கத்தில் கடல் சுத்தமான கறுப்பு. ஸ்டாப்பை அழுத்தினார்.

"முழுசா வந்துடுத்தா?" என்று அம்மா கேட்டாள். அன்று ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு எந்த நாளும் கேட்டதில்லை.

"வேணுங்கற மட்டும் வந்துடுத்து" என்றார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போனார். அம்மா அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

இனி வருவது கபாலி சொன்னது. அவன் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னான்.

குப்பத்தில் அன்று நிறையப் பேர் கரையில் இருந்தார்கள். மூன்று நாள் சும்மா இருந்துவிட்டார்கள். கபாலி போயே தீருவது என்று இருந்தான். பவுனு விடவில்லை. முந்தின மாலை வானொலியில் போக வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னதைக் கேட்டிருக்கிறாள். வீட்டில் ஆரம்பித்த சண்டை மணலுக்கு வந்துவிட்டது. அப்போது அப்பா வந்தார். கபாலி நிம்மதியாகத் திரும்பி, நீயே சொல் சாமி என்றான். அப்பா வழக்கமான இரண்டு சொற்களைச் சொன்னார்.

"போவாத போவாதன்னு ரேடியோல சொல்லிக்கினே கீறான். நீ ஒண்ணுமில்லன்ற" என்றாள் பவுனு.

"நான் படத்தைப் பாத்துட்டுத்தாம்மா வரேன். நம்ம பக்கம் கடல்ல ஒரு பொட்டு மேகம் இல்லை."

"படத்துல கீற கடலு நம்மள நனைக்காது சாமி. நீ பாட்டுக்கு சொல்லிட்டு ஊட்டுக்குப் போய்டுவ. மாமி சுடச்சுட காப்பி வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கும். போறவன் பொண்டாட்டிக்குத்தானே வயித்துல நெருப்பு. அவ்ளோ நெச்சியம்னா நீ ஏறு, பாப்போம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ, சாமிக்கு ஒரு தூண்டில் குடு என்றான். அப்பாவும் சிரித்தாராம். பிறகு செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் விளிம்பைப் பிடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கபாலி அவர் கையைப் பிடித்தான். "வாணாம் சாமி. அது சும்மா வாய்க்கு வந்தத பேசும். நீ ஊட்டுக்குப் போ."

"இல்லை கபாலி. அவ கேக்கறது நியாயம். போகலாம்னு சொல்றவன் ஏறணும்."

அதற்குமேல் கபாலியால் மறுக்க முடியவில்லை. சாமியே ஏறுகிறார் என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை என்று தனக்குத் தைரியம் வந்ததாகச் சொன்னான். படகை அலையில் தள்ளும்போது பவுனுவும் ஒரு கை கொடுத்திருக்கிறாள். அன்று கடலுக்குப் போனது அந்த ஒரு படகுதான். மற்றவர்கள் கபாலி திரும்பி வந்து சொல்லட்டும் என்று கரையிலேயே இருந்துவிட்டார்கள்.

போகும்போது தண்ணீர் தட்டையாக இருந்ததாம். அப்பா நடுப் பலகையில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரை சின்னதாவதைப் பார்த்து, எங்கள் குடியிருப்பு எது என்று கேட்டார். கபாலி காட்டினான். வலை போட்டார்கள். மீன் நன்றாகவே விழுந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவ்வளவு பக்கத்தில் வாசனை பழகவில்லை என்றாராம். மச்சான் அதை நினைத்து நினைத்துச் சிரித்தான்.

வெயில் ஏறியபிறகு காற்றே இல்லாமல் படகு தூக்கித் தூக்கி இறங்க ஆரம்பித்தது. நீளமான அலைகள், தென்கிழக்கிலிருந்து. கபாலி வலையை இழுக்கச் சொன்னான். இழுத்து முடிப்பதற்குள் தெற்கே அடிவானம் கறுத்துவிட்டது. மைக்கூட்டைக் கவிழ்த்தது மாதிரி என்றான்.

அப்பா தெற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். கபாலி மோட்டாரைக் கிளப்பிப் படகைத் திருப்பும்போது அவர் பேசினார். கடைசியாகப் பேசியது அதுதான்.

"படத்துல கீழ பாக்கலை, கபாலி. சென்னையோட நிறுத்திட்டேன்."

எதை நிறுத்தினார் என்று கபாலிக்கு அப்போது தெரியாது. கேட்க நேரமும் இல்லை. மழை வந்துவிட்டது. கரை மறைந்தது.

அன்று மதியம் தியாகராய நகரில் இருட்டிவிட்டது. அலுவலகத்தில் விளக்குகளைப் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே பனகல் பூங்காவின் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பா காலையில் போனவர் இன்னும் வரவில்லை, குப்பத்திலிருந்து யாரோ வந்து என்னவோ சொல்கிறார்கள், எனக்குப் புரியவில்லை, நீ வா என்றாள். கம்பியின் இரைச்சலுக்கு நடுவிலும் அவள் குரல் நிதானமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஊரே நின்றது. அம்மா ஒரு படகை ஒட்டி, நனைந்த புடவையோடு நின்றிருந்தாள். யாரோ அவள் தலைக்குமேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்திருந்தார்கள். அலைகள் வழக்கத்தைவிட வெகு தூரத்திலேயே உடைந்தன. பவுனு தனியாக, தண்ணீர் காலில் படும் இடத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தன் வாயில் தானே அறைந்துகொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

படகு தெரிந்தது. எல்லோரும் கத்தினார்கள். பிறகு எல்லோரும் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். வேறு வழி கிடையாது. கபாலி ஓர் அலையை விட்டான், இன்னொன்றையும் விட்டான், மூன்றாவதன் முதுகில் ஏறினான். படகு பக்கவாட்டில் திரும்பியது. அடுத்த கணம் அதன் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்தது.

குப்பத்து ஆட்கள் கயிற்றோடு பாய்ந்தார்கள். மச்சானை முதலில் இழுத்து வந்தார்கள். பிறகு கபாலியை. அவன் கையில் அப்பாவின் மஃப்ளர் இருந்தது. ஒரு தடவை பிடித்தேன், அடுத்த அலையில் அதுமட்டும்தான் வந்தது என்றான்.

அப்பா மறுநாள் திருவான்மியூர் கரையில் கிடைத்தார். அதற்குள் கடல் அமைதியாகிவிட்டது. அந்தத் தாழ்வு மண்டலம் பலவீனமாகிக் கலைந்துவிட்டதாகச் செய்தித்தாளில் நாலு வரி போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு தலைப்புகூட வைக்கவில்லை.

காரியங்கள் முடியும்வரை கபாலி தினமும் வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். உறவினர்கள் அவனைத் தாண்டித்தான் ஏறினார்கள். பெரியப்பா ஒருவர் அவனைப் போகச் சொன்னார். அம்மா, இருக்கட்டும் என்றாள். குப்பத்தில் இரண்டு விதமாகப் பேசுவதாகக் கபாலி சொன்னான். பொய் சொன்ன சாமியைக் கடல் எடுத்துக்கொண்டது என்று சிலர். சொன்ன வார்த்தைக்காக ஏறினாரே என்று சிலர். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவர் ஏறாவிட்டால் அன்று நானும் மச்சானும் மட்டும் போயிருப்போம், சுமை குறைவாக இருந்திருக்கும், ஒருவேளை படகு கவிழ்ந்திருக்காது என்றான். பிறகு, ஒருவேளை அவர் சொல்லாவிட்டால் போயே இருக்க மாட்டேன் என்றான். அவனுக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

பவுனு மட்டும் வரவில்லை. மார்கழி பிறக்கும் சமயத்தில் ஒரு மதியம் வந்தாள். நான் வேலைக்கு விடுப்புப் போட்டு அம்மாவுடன் தங்கியிருந்தேன். கதவுக்கு வெளியிலேயே நின்றாள். அம்மா உள்ளே வரச் சொன்னபிறகு, நிலைப்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ அன்னிக்கு அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் அம்மா.

"ஆமா மாமி" என்றாள் பவுனு.

அம்மா எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பவுனு குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். படகைச் சரிபண்ணியாகிவிட்டது. நாளைக்குக் கபாலி முதல் தடவையாகப் போகிறான். வானொலியில் மறுபடி தாழ்வு நிலை என்கிறார்கள். தினமும்தான் சொல்கிறார்கள். அவனிடம் கேட்டால், சாமி இருந்தால் கேட்டுச் சொல்லலாம் என்கிறான்.

"அந்தப் பொட்டியில இன்னா தெரியுதுன்னு பாத்து சொல்றியா பாப்பா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கணினியின்மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். அப்பா சேமித்து வைத்திருந்த முகவரி இருந்தது. இணைப்பு கிடைத்தது. மேல் வரி வர ஆரம்பித்தது.

பவுனு திரைக்கு அருகில் வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தாள். மலைகள் வந்தன. சமவெளி வந்தது. எது எந்த ஊர் என்று சொன்னேன். பாதி வழியில் அம்மாவும் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் தலையில் பட்டது. சென்னை வந்தது.

"அவரு எங்க நிறுத்துவாரு?" என்றாள் பவுனு.

அம்மா கையை நீட்டித் திரையில் விரலை வைத்தாள். விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள். விரல் இருந்த இடத்துக்குக் கீழே வரிகள் சேர்ந்துகொண்டே போயின. நாகப்பட்டினம் வந்தது. இலங்கையின் தலை வந்தது. கிழக்கே கடல் கறுப்பாகவே இருந்தது. அடிவரை வந்தது. ஓரத்தில் கிழிந்த பஞ்சு மாதிரி ஏதோ கொஞ்சம். அவ்வளவுதான்.

"ஒண்ணும் பெரிசா இல்லைம்மா" என்றேன். சொன்னதும் அந்தச் சொற்கள் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்ப போலாமா?"

நான் திரையைப் பார்த்தேன். படத்தின் மேல் மூலையில் அது எடுக்கப்பட்ட நேரம் போட்டிருந்தது. முதல் வரிகளிலேயே வந்துவிடும் விஷயம் அது.

"இது இப்ப எடுத்த படம் இல்லை. ரொம்ப நேரம் முன்னாடி எடுத்தது. அதுக்கப்புறம் கடல்ல என்ன ஆச்சுன்னு இதுல தெரியாது. நாளைக்கு எப்படி இருக்கும்னும் தெரியாது."

பவுனு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத்த அவரு ஒரு நாளும் சொல்லலியே" என்றாள்.

பவுனு எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வரேன் மாமி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கபாலியிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடியும்போது அம்மாவைப் படுக்கையில் காணோம். தேடிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றிருந்தாள். படகுகள் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கபாலியின் படகு எது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காப்பி குடிக்க வரச் சொன்னேன். எல்லாம் திரும்பட்டும் என்றாள்.

வெயில் ஏறியது. ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. கரையில் இழுத்துப் போட்ட படகுகளைச் சுற்றிக் கூட்டம் கூடிக் கலைந்தது. கீழே போய்விட்டு மறுபடி ஏறி வந்தேன். கடைசியாக ஒன்று வெளியே இருந்தது. தெற்கே, அசையாத ஒரு புள்ளி. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரைக்கு வருகிறதா, நின்றுகொண்டிருக்கிறதா, அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை.